திராட்சைத் தோட்டத்தில் கிடந்த சக்கரம்

தேனிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. நான் வேதாரண்யத்துக்காரி. எங்கள் ஊரில் உயரம் என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான். வேறு சமயமாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். அன்று அந்த மலைகளை நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை. அவற்றில் ஒன்றிலிருந்து இறங்கும்போதுதான் என் மகள் விழுந்தாள்.

கயல் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் பந்தயம் அவளுக்கு அங்கே போய்த் தொற்றிக்கொண்டது. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் ஜான்சிக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. மலைக்கு அடியிலேயே திராட்சைத் தோட்டம். விடுமுறை வந்தால் கயல் சைக்கிளோடு அங்கே போய்விடுவாள். சைக்கிளே பாதி நாள் அங்கேதான் கிடக்கும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மேலேயிருந்து இறங்கும்போது முன்சக்கரத்தின் கம்பிகள் ஒரு பக்கமாகப் பிய்ந்துகொண்டு வந்தன. காறை எலும்பு முறிந்தது. தாடை உடைந்தது. தாடைக்குக் கம்பி கட்டி, நாங்கள் அவளுக்குக் குழாயால் கஞ்சி கொடுத்தோம்.

அவளுடைய பயிற்சியாளர் கோவையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாறையில் கோணலாக இறக்கியிருக்கிறாள். சக்கரத்தின் மேல் குற்றமில்லை, கைத்தப்பு." கயல் அதை அப்படியே நம்பினாள். தாடைக் கம்பியை எடுத்த பிறகும் அவள் அதிகம் பேசவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஒருநாள் திடீரென்று, மாசியில் நடக்கும் மாநில அணித் தேர்வுக்குப் போகிறேன், புதுச் சக்கரம் வேண்டும் என்றாள். மருத்துவர் யோசித்துத்தான் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். எடை குறைந்த சக்கரமா, உடையாத சக்கரமா. ஏற்றத்தில் மிதிப்பவளுக்குச் சக்கரத்தின் எடை கூடக்கூட மூச்சு வாங்கும், அதனால் இருப்பதிலேயே லேசானது வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்சி. மாட்டுவண்டிச் சக்கரமாக இருந்தாலும் சரி, உடையக் கூடாது என்பது என் கட்சி. கடைசியில் அவளைப் பார்த்துக்கொள்ள என் கணவர் வீட்டில் இருப்பது, நான் தோட்டத்துக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பழைய சக்கரம் வாங்கிய அதே தேனிக் கடையில் புதுச் சக்கரமும் வாங்கி வருவது என்று முடிவானது. கடையில் எதைக் கை காட்டுவது என்பதை நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கம்பம் போகும் பேருந்து வீரபாண்டியைத் தாண்டியதும் பின்பக்கம் டமார் என்று ஒரு சத்தம். நான் இருக்கைக்கு அடியில் குனிந்துவிட்டேன். தலையைத் தூக்கினால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"எந்திரிங்க ஆத்தா, டயருதான். குண்டு போட்டுட்டாகன்னு நெனச்சீகளா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். வயசான ஒருவர் நடத்துநரைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, எடுக்கும்போதே மொட்ட டயருன்னு தெரியலையா ஒனக்கு?"

"நான் டிக்கெட்டு கிழிக்கிறவன்ணே. டயரு என்ன, நானா பெத்துப் போடுறேன்?"

குமுளிக்குப் போகிற ஒருவர் தன் மனைவியிடம் தொலைபேசியில் மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னது இது: "இல்லடி, யானையெல்லாம் மறிக்கவில்லை. வெறும் காற்றுப் போனதுதான். நீ சோற்றை மூடி வை, பூனை வாய் வைத்துவிடும்."

ஓட்டுநர் ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்து நட்டுகளை இறுக்கினார். நான் அவர் அருகிலேயே போய் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். இப்போதெல்லாம் எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகிறது. "டீச்சரம்மாவா?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "பரீச்சப் பேப்பரப் பாக்குற மாதிரியே பாக்குறீகளே" என்றார். அவர் சொன்னது சரிதான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன்.

உத்தமபாளையத்தில் சவரிமுத்து காத்திருந்தார். ஜான்சியின் அப்பா. கயலுக்கு அவர் 'சவரி அப்பா'. விழுந்தவளை முதலில் தூக்கியவர் அவர்தான். பெரிய மருத்துவமனையில் நாங்கள் வந்து சேரும்வரை, சட்டையெல்லாம் அவள் ரத்தத்தோடு, நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்.

"வாங்க டீச்சர். பாப்பா எப்பிடி இருக்கு? மெல்லுதா இப்ப?"

"இட்லி சாப்பிடுறாண்ணே."

"ஆண்டவருக்கு நன்றி" என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தோட்டம் முழுக்கப் பந்தல். கொடிகள் தலைக்கு மேலே பின்னிக் கிடந்தன. குனிந்துகொண்டேதான் நடக்க வேண்டும். கறுத்த பன்னீர் திராட்சைக் கொத்துகள் காதில் உரசின. இலைகளின் மேல் வெளிர்நீலமாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சைக்கு அடித்த மருந்து என்றார் சவரிமுத்து. மழைக்காலத்தில் இரண்டு நாள் கண்ணசந்தால் கொத்து முழுவதும் வெந்தது போல் ஆகிவிடுமாம்.

அவர் மனைவி லூர்தம்மாள் அணை மீன் குழம்பு வைத்திருந்தார். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அதில் லேசாக மண் வாசம் அடித்தது. "ஒங்களுக்கு இது எறங்காதுன்னு தெரியும் டீச்சர். ஆனா பாப்பா இருக்காளே, எங்க ஜான்சி பங்கையும் சேத்துத் திம்பா. மலையில இருந்து எறங்குனா அம்புட்டுப் பசி" என்றார். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மீன் மேல் தப்பில்லை.

சாப்பிட்டபின் கொட்டகையைக் காட்டினார்கள். சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில், பின்சக்கரம் மட்டும் மாட்டியபடி சைக்கிள் சாய்ந்திருந்தது. உடைந்த முன்சக்கரம் ஆணியில் தொங்கியது. பாதிக் கம்பிகள் பிய்ந்து துருத்திக்கொண்டு நின்றன. நான் சாக்கைப் போட்டு அதை மூடச் சொன்னேன்.

மறுநாள் காலை மோட்டார் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். சவரிமுத்து கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கயலின் சைக்கிளைக் கல்லில் சாய்த்து வைத்து, மருந்தடிக்கும் இயந்திரத்தின் குழலால் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊசி போலப் பாய்ந்தது. அவர் குழலைச் சக்கரத்துக்குள் விட்டு, கம்பிகள் ரிம்மில் சேரும் இடங்களாகத் தேடித்தேடி அடித்தார். கல்லின் பள்ளத்தில் தேங்கிய நீர் நீலமாக இருந்தது.

"அண்ணே, இது எதில கழுவுறீங்க?"

"பஸ்ல ஏத்தணும்ல, அழுக்காவா கொண்டு போவீக? அதான்."

"இந்தத் தொட்டியில என்ன இருந்துச்சு?"

"நேத்து மருந்தடிச்சது. அலசித்தான் விட்டேன். அடியில கொஞ்சம் கெடக்கும்." அவர் சிரித்தார். "எப்பவும் நான்தான டீச்சர் கழுவி வைப்பேன். மலையில இருந்து வந்தா செம்மண்ணு அப்பிக் கெடக்கும். கொடத்துல மொண்டு ஊத்துனா போகுமா? இதுல சொய்ங்னு ஒரு அடி, புதுசாயிரும். பாப்பா தூங்கி எந்திரிக்குறதுக்குள்ள பளபளன்னு நிக்கும்."

"நிறுத்துங்க" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும். லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

ஆணியில் தொங்கிய சக்கரத்தை வெயிலுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் பார்க்கப் பயந்ததை இப்போது கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அதை ரிம்மோடு இழுத்துப் பிடிக்க ஒரு குட்டித் திருகு உண்டு. கடைக்காரர்கள் நிப்பிள் என்பார்கள். சக்கரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. இந்தச் சக்கரத்தின் ரிம் கார்பன். எடையைக் குறைப்பதற்காகத் திருகை மட்டும் அலுமினியத்தில் செய்திருந்தார்கள். துளைக்குத் துளை பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கைச் சுரண்டினால் அடியில் செம்பு நிறம். உடையாமல் மிச்சமிருந்த ஒன்றை நகத்தால் அழுத்தினேன். ஈரச் சாக்பீஸ் போல நொறுங்கியது.

மருந்து என்றால் மயில்துத்தம். காப்பர் சல்பேட். ஒவ்வோர் ஆண்டும் அந்த நீலக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு, ஆணி அரித்துப்போய் அதன் மேல் செம்பு படிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். இந்த விஷயத்தில் அலுமினியம் இரும்பைவிடப் பொறுமை குறைந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. என் மகளின் தாடைக்குள் அதற்கு விடை இருந்தது.

நான் சொன்னதைச் சவரிமுத்து நம்பவில்லை. "துத்தத்துல சுண்ணாம்பு கலந்துதான் டீச்சர் அடிக்கோம். சுண்ணாம்பு போட்டா வீரியம் செத்துரும்ல. எளங்கொழுந்துக்கே ஒண்ணும் ஆகல, சைக்கிளுக்கு ஆகுமா?"

"இலைக்கு ஆகாதுண்ணே. அலுமினியத்துக்குச் சுண்ணாம்பும் ஆகாது. நீங்க அலுமினியச் சட்டியில சுண்ணாம்பு கரைப்பீங்களா?"

"சட்டியிலயா? சட்டி ஓட்டையாயிரும்ல" என்றார் லூர்தம்மாள் சட்டென்று.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கணவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அப்ப எங்க வீட்டு மனுசந்தான் புள்ளையத் தள்ளிவிட்டாருங்கிறீக."

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சக்கரம் விற்றவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாங்கியவளும் கேட்கவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் கஞ்சிக் குழாயும் கூரையைப் பார்த்துக் கிடந்த கண்களும் என் முன்னால் வந்து நின்றன. யாராவது ஒரு ஆள் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஏதோ அடம் பிடித்தது. சக்கரத்தைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.

சவரிமுத்து மோட்டாரை அணைத்தார். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். "தேனிக்கு நானே கொண்டாந்து விடுறேன் டீச்சர்" என்றார்.

சைக்கிளை நானும் லூர்தம்மாளும்தான் குட்டியானை வேனில் தூக்கி வைத்தோம். லூர்தம்மாள் என்னிடம் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

சின்னமனூர்வரை சவரிமுத்து சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். வாழைத்தார் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், வாயில் வைக்க முடியாது. இங்கே மலையைக் குடைந்து வருகிற தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. இவ்வளவு நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியில்தானா கழுவ வேண்டும் என்று நினைத்தேன். சவரிமுத்து ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"அன்னைக்குக் காலையிலயும் கழுவித்தான் குடுத்தேன்" என்றார் என்னைப் பார்க்காமல். "டாட்டா காட்டிட்டுப் போச்சு."

தேனிக் கடை நான் நினைத்ததைவிடப் பெரியது. மேகமலைக்கும் மூணாருக்கும் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இங்கே வந்துதான் பழுது பார்க்கிறார்களாம். கடைக்காரர் இளைஞர். இறுக்கமான பந்தயச் சட்டை போட்டிருந்தார். இரண்டு ஜோடிச் சக்கரங்களை மேசையில் எடுத்து வைத்தார். ஒன்று கார்பன் ரிம், விரலில் தூக்கலாம். இன்னொன்று தடித்த அலுமினிய ரிம், கை இறங்கியது. என் கை இரண்டாவதின் மேல் போய் நின்றது.

"ரேஸுக்குன்னா இதுதான் மேடம்" என்று அவர் முதலாவதைத் தள்ளினார். "அது ஆபீஸுக்குப் போறவங்களுக்கு."

"நிப்பிள் எதில செஞ்சது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல அலுமினியம். அதுல பித்தளை. இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்."

"பித்தளை போட்டா எடை எவ்வளவு கூடும்?"

இரண்டையும் ஒரு சக்கரத்துக்கு வேண்டிய அளவு எடுத்துத் தராசில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. அவ்வளவுதான். துத்தம் பட்டிருந்தாலும் பித்தளை இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்காது. அந்த எலுமிச்சம்பழத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும்.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "இருக்கலாம் மேடம். ஆனா அவ எறக்குனதும் சரியில்லதான்."

"சக்கரத்தக் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"போட்டோ அனுப்பியிருந்தாங்களே, பாத்தேன்."

அதற்கு மேல் பேசினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. வைத்துவிட்டேன்.

கயலைக் கூப்பிட்டேன். அவளுக்குச் சொல்வதற்காகவே காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தேன். உன் தப்பு இல்லை, நீ சரியாகத்தான் ஓட்டினாய் என்று சொன்னால் அவள் அழுவாள், அல்லது பழையபடி சிரிப்பாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"சவரி அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொன்னேன்."

"ஏம்மா சொன்ன?"

"சொல்லாம எப்படிடீ? நாளைக்கு வேற புள்ளையோட சைக்கிளக் கழுவினா?"

"அவரோட முகம் எப்படி இருந்துச்சு?"

நான் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தேன். சவரிமுத்து வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

"என் தப்புன்னா நான் திருத்திக்குவேன்மா" என்றாள் கயல். தாடை இன்னும் முழுதாகத் திறக்காததால் அவள் குரல் பல்லுக்குள்ளிருந்து வந்தது. "படுத்துக்கிட்டே அந்தப் பாறைய எப்படி எடுக்கணும்னு ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேன். அடுத்த தடவ விழ மாட்டேன்னு ஒரு தைரியம் வந்திருந்துச்சு. இப்ப நீ அதெல்லாம் ஒண்ணுமில்லங்கிற. நான் சரியா எறங்குனாலும் சக்கரம் போகும்னா, நான் எதை நம்பி எறங்குறது?"

கனமானதை வாங்கிவிடுகிறேன், அது உடையவே உடையாது என்றேன்.

"ரிம் உடைஞ்சுதா?"

"இல்ல."

"கம்பி?"

"இல்ல. நிப்பிள் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்குக் கனமானது? லேசானதே வாங்கு. பித்தளை மாத்திப் போடச் சொல்லு. நீதானே கண்டுபிடிச்ச?"

காலையில் சக்கரத்தை வெயிலில் தூக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் என் கட்சி அப்படியே நின்றிருக்கும். கனமானதை வாங்கி, பயிற்சியாளரோடு சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இப்போது என் வாதத்தை நானே அரித்துவிட்டேன். அவள் கேட்டதைத்தான் கடைக்காரரிடம் சொன்னேன்.

கம்பி கம்பியாகக் கழற்றிப் பித்தளை கோர்த்து, சக்கரம் கோணாமல் சுற்றும்வரை இழுத்துக் கட்ட மாலை ஆகும் என்றார். சைக்கிளில் இருந்த பழைய பின்சக்கரத்தையும் கழற்றி வீசினோம். சவரிமுத்து கடைக்குள் வரவே இல்லை. மதியம் ஒரு பொட்டலம் புரோட்டா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணெய் ஊறிய தாளில் சால்னா வழிந்தது. "பசிக்கல டீச்சர், வைங்க" என்றார். அது அவர் பக்கத்து இருக்கையில் அப்படியே ஆறியது. நீங்கள் ஊருக்குப் போங்களேன் என்றேன். "ஏத்திவிட்டுட்டுப் போறேன்" என்றார்.

கடைக்காரர் சக்கரங்களைச் சுற்றிக் காட்டினார். துளைதோறும் மஞ்சளாக ஒரு மினுக்கம். எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். சைக்கிளை அட்டைப் பெட்டியில் கட்டிக் கடையின் ஆளே பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து, பேருந்தின் அடியறையில் வைத்துவிட்டுப் போனார். சக்கரங்களை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அவற்றை என் மடியில்தான் வைத்துக்கொண்டு போவதாக முடிவு செய்திருந்தேன்.

படியில் ஏறும்போது தோள்பை சரிந்து, கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் போயிற்று. திரும்பிச் சக்கரப் பையை நீட்டினேன். "அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க."

சவரிமுத்து ஓர் அடி பின்னால் போனார். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டார்.

"நான் தொடல டீச்சர்."

"பிடிங்கண்ணே, ஒண்ணும் ஆகாது."

"வேணாம். வேற யாருட்டயாச்சும் குடுங்க."

"ஏத்தா, வண்டி எடுக்கணும், ஏறுறீகளா இல்லையா?" என்று நடத்துநர் சத்தம் போட்டார். உள்ளே இருந்து யாரோ ஒருவர் எட்டிப் பையை வாங்கிக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்தபோதும் அவர் கக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆண்டிபட்டி கணவாயில் பேருந்து வளைந்து ஏறும்போது சக்கரங்கள் மடியில் லேசாக ஆடின. இறங்கிப்போய் அவர் கையில் அதைத் திணித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஆனால் அவர் பின்னால் நகர்ந்த அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது அது இல்லை. நல்லவேளை, தொடவில்லை என்பதுதான்.